பழைய மியாட்டாவையும் புதிய எஸ்யூவியையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 மியாட்டா, இரண்டே இருக்கைகள் கொண்ட சின்னஞ்சிறு கார். 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். 2019 மாடலாக அமெரிக்காவில் வந்த டொயோட்டாவின் எஸ்யூவியான ராவ்-4 ஹைப்ரிட்டுக்கு (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) 219. இந்த இரண்டு எண்களைப் பார்த்ததுமே பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எடையை மறந்துவிடுகிறார்கள்.

மியாட்டா ஏறக்குறைய 950 கிலோ; ராவ்-4 ஏறக்குறைய 1,700. டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்கிட்டால், 120-க்கும் 130-க்கும் உள்ள இடைவெளிதான். நேர்ச்சாலையில் எஸ்யூவி சற்றே முந்தும். ஆனால் மியாட்டா வளைவுகளுக்காகப் பிறந்த கார். உயரம் 1.2 மீட்டர்தான், எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி, உந்துவிசை பின்சக்கரங்களுக்கு. சாலையின் சொரசொரப்பு ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். குதிரையும் அதில் ஏறியவனும் ஒன்றாவதை 'ஜின்பா இட்டாய்' என்பார்கள் ஜப்பானியர். மஸ்டா பொறியாளர்கள் குறிக்கோளாக வைத்துக்கொண்டது அதைத்தான். ஒப்பீட்டு அட்டவணையில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

சிறிய கார் என்றால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பதும் பிசகு. அந்த ஹைப்ரிட் லிட்டருக்குச் சுமார் 17 கிலோமீட்டர் தரும்; மியாட்டா 10 சொச்சம்தான்.

மியாட்டாவை நேசிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: 'லாகவமான கார், ஆபத்து வந்தால் வளைந்து தப்பிவிடலாம்' என்பது. இதை நான் கடுமையாக மறுக்கிறேன். ஏறக்குறைய இரு மடங்கு எடையுள்ள வண்டி மோதினால், அடியின் பெரும்பங்கை இலகுவான கார்தான் வாங்கும். பக்கவாட்டு ஏர்பேக், வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, தானியங்கி பிரேக் என எதுவும் அதில் இல்லை. பின்னிருக்கையும் கிடையாது. 1994 முதல் வந்த அமெரிக்க மாடல்களில் பயணி பக்கமும் ஏர்பேக் உண்டு. அது செயல்பாட்டில் இருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே வைக்கவே கூடாது.

எனக்கு அதிக வருத்தம் தருவது, தேய்ந்துபோன ஒரு மியாட்டாவை ஓட்டிப் பார்த்துவிட்டு, 'பழைய கார் என்றால் இப்படித்தான்' என்று சொல்லிவிடுவது. முப்பது ஆண்டுகளில் சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் (அதிர்வைத் தாங்கும் உறைகள்) இறுகி வெடித்திருக்கும், ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள்: 2312 என்றிருந்தால் 2012-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயர் வரிகளின் பள்ளம் ஆழமாகவே இருந்தாலும் அந்த ரப்பருக்குப் பிடிப்பு போயிருக்கும். அதில் ஓட்டி வளைவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

ஓட்டிப் பார்க்கும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். துணிக்கூரையில் வழியும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள துளைகள் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். அங்கே ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, பின்சக்கரத்தின் அருகே குனிந்து பாருங்கள். சொட்டவில்லையென்றால் இலைச்சருகு அடைத்திருக்கிறது. கதவுக்குக் கீழுள்ள தகட்டை உள்ளிருந்தே துரு தின்றுகொண்டிருக்கக்கூடும்.