ஊருணித் தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு தட்டு போதும்

காரைக்குடிப் பக்கம் பிள்ளைகளைக் கண்மாய்க்கோ ஊருணிக்கோ அழைத்துப்போகும் ஆசிரியர்கள் ஒரு செக்கி வட்டு, அதாவது தண்ணீரில் இறக்கித் தெளிவை அளக்கும் தட்டு, செய்து எடுத்துப்போங்கள். 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி கப்பலில் இருந்து கடலில் இறக்கிப் பார்த்த முறை இது. இன்றும் ஏரி ஆய்வில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

20 செ.மீ. அகலமுள்ள வட்டத் தட்டை நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் கனமான இரும்பு நட்டு ஒன்றைக் கட்டுங்கள். கயிற்றை முதலில் நனைத்துவிட்டு, அப்புறம் 10 செ.மீ.க்கு ஒரு குறி போடுங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், அளவு தப்பிவிடும்.

காலை 10 முதல் பிற்பகல் 2 மணிக்குள், படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்குங்கள். தட்டு மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரிதான் விடை. படகு இல்லையா? படித்துறை ஓரத்தில் ஆழமிருந்தால் அங்கேயே அளக்கலாம். தட்டு மறையாமல் தரை தட்டினால் அந்த அளவு செல்லாது.

தண்ணீரின் நிறத்தையும் எழுதச் சொல்லுங்கள், எனக்கு அதுதான் பிடித்த பகுதி. மழைக்குப் பின் செம்மண் கரைந்து கலங்கியதா, வெயில் நாளில் பாசி பெருகிப் பச்சையானதா என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கி கட்டாயம், நீச்சல் தெரிந்தவர்களுக்கும்தான்.