பிதாகரஸ் கணக்குல எக்ஸ் வந்தா எங்கெல்லாம் வழுக்குது

பத்தாவது கணக்கு புக்குல மூணாவது பாடம் இயற்கணிதம், நாலாவது வடிவியல். பிள்ளைங்க ரெண்டையும் தனித்தனியா நல்லாத்தான் போடுறாய்ங்க, ஆனா ரெண்டும் ஒரே கணக்குல சேந்து வந்துருச்சுன்னா, அதாவது பக்கத்தோட நீளத்த 5, 12ன்னு குடுக்காம எக்ஸ், எக்ஸ் + 7ன்னு குடுத்துட்டா, அங்க போயி மார்க்க விட்டுட்டு வந்துர்றாய்ங்க. மதுரைல வீட்டுலயே சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், வருஷா வருஷம் புதுப் பிள்ளைங்க வருது, தப்பு மட்டும் அதே தப்பு. அதான் எழுதிருவோம்னு.

இந்தக் கணக்கப் பாருங்க. செங்கோணத்த ஒட்டுன ரெண்டு பக்கம் எக்ஸ், எக்ஸ் + 7. கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிர்ல இருக்குற பக்கம், 13 செ.மீ. ஒட்டுன ரெண்டு பக்கத்தோட வர்க்கத்தையும் கூட்டுனா கர்ணத்தோட வர்க்கம் வரும், அதான் பிதாகரஸ் தேற்றம். எக்ஸ்² + (எக்ஸ் + 7)² = 169, இது வரைக்கும் எல்லாருமே வந்துருவாங்க. அடுத்த வரில (எக்ஸ் + 7)²ங்குறத எக்ஸ்² + 49ன்னு எழுதிருவாய்ங்க. நடுவுல வர வேண்டிய 14எக்ஸ் காணோம். சூத்திரம் தெரியாமயா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபின்னு ஒப்பிப்பாங்க, அந்த டூ ஏபி எதுக்குன்னு மட்டும் கண்ணால பாத்ததில்ல.

அதுக்கு நான் தரைலதான் சாக்பீஸால வரைஞ்சு காட்டுவேன். 10 அடிக்கு 10 அடி ரூம், அத ரெண்டு பக்கமும் 2 அடி இழுத்துக் கட்டி 12க்கு 12 ஆக்குறோம். பழைய தரை 100 சதுர அடி, மூலைல 2க்கு 2 புதுசா 4, ஆக 104ன்னு டைல்ஸ் வாங்கிட்டு வந்தா பத்துமா? பத்தாது, ஏன்னா ரெண்டு ஓரத்துலயும் 10க்கு 2ன்னு ரெண்டு பட்டை சும்மா கெடக்கு, அது 40. மொத்தம் 144. அந்த ரெண்டு பட்டைதான் டூ ஏபி. இத ஒரு தடவ வரைஞ்சு பாத்த பிள்ளை திரும்ப அந்தத் தப்ப பண்றது ரொம்பக் கம்மி.

சரி, 14எக்ஸ விட்டுட்டா என்ன ஆகும்? 2எக்ஸ்² = 120, எக்ஸ் கிட்டத்தட்ட 7.75, இன்னொரு பக்கம் 14.75. கர்ணம் வெறும் 13! கர்ணத்த விடப் பெரிய பக்கம் செங்கோண முக்கோணத்துல எப்படி இருக்கும்? விடைய எடுத்துப் படத்துல ஒரு தடவ எழுதிப் பாத்திருந்தாலே பிடிபட்டிருக்கும். ஒழுங்கா விரிச்சா எக்ஸ்² + 7எக்ஸ் − 60 = 0, காரணிப்படுத்துனா (எக்ஸ் + 12)(எக்ஸ் − 5) = 0, எக்ஸ் 5, பக்கங்கள் 5, 12, 13.

இதுல −12ஐ தள்ளிர்றோம்ல, அங்க இன்னொரு ஆபத்து இருக்கு. "மைனஸ் வந்தா தள்ளிரு"ன்னு ஒரு பழக்கமாவே ஆயிருச்சு. தள்ளவேண்டியது மைனஸ் எக்ஸ இல்ல, மைனஸ் நீளத்த. செங்கோணத்த ஒட்டுன பக்கங்கள் 1 − எக்ஸ், 2 − எக்ஸ், கர்ணம் 3 − எக்ஸ்னு ஒரு கணக்கு வச்சுக்கங்க. விரிச்சுச் சுருக்குனா எக்ஸ்² = 4, எக்ஸ் 2 இல்லன்னா −2. கண்ண மூடிட்டு 2ன்னு எழுதுனா பக்கங்கள் −1, 0, 1. முக்கோணமே இல்ல. −2 போட்டுப் பாருங்க, 3, 4, 5 வரும். நான் இத போர்டுல போடுற அன்னைக்கு கிளாஸே ஒரு நிமிஷம் அமைதியாயிரும், எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது.

கர்ணம் எதுன்னே மாத்திப் பிடிக்கிறதும் நடக்கும். சாஞ்ச கோடுதான் கர்ணம்னு மனசுல பதிஞ்சு போச்சு, படத்தத் திருப்பிக் குடுத்து கர்ணத்த கீழ படுக்க வச்சுட்டா குழம்பிர்றாங்க. மொதல்ல செங்கோணக் குறிய தேடுங்க, அதுக்கு எதிர்ல இருக்குறது கர்ணம், அவ்வளவுதான். 13 அடி ஏணி, சுவத்துலருந்து 5 அடி தள்ளி நிக்குது, எவ்வளவு ஒசரத்துல தொடும்னு கேட்டா 169ம் 25ம் கூட்டி 194ன்னு எழுதுறது இதனாலதான். ஏணியே கர்ணம், அதனால கழிக்கணும், 144, ஒசரம் 12 அடி.

சின்னச் சின்னதா இன்னும் சிலது: 9 + 16க்கு மூலம் எடுக்கச் சொன்னா 3 + 4 = 7ன்னு தனித்தனியா எடுக்குறது, கர்ணம் கேட்டா 169லயே நின்னுர்றது, சுற்றளவு கேட்டிருக்க எக்ஸ் = 5ன்னு கோடு போட்டு முடிச்சுர்றது, ஒரு பக்கம் மீட்டர்லயும் இன்னொன்னு சென்டிமீட்டர்லயும் இருக்குறத கவனிக்காம போறது. செங்கோணம்னு எங்கயும் சொல்லாத முக்கோணத்துல இந்தத் தேற்றத்தப் போடவே கூடாது, அதையும் செய்றாங்க.

கடைசியா ஒண்ணு, இது பெத்தவங்களுக்கும் சேத்துதான். பெரிய பக்கத்த எட்டாப் பிரிச்சு ஒரு பங்கத் தள்ளிட்டு, சின்ன பக்கத்துல பாதியக் கூட்டுனா கர்ணம் வந்துரும், வர்க்கமூலமே வேணாம்னு வாட்ஸப்புல ஒண்ணு சுத்திட்டே இருக்கு. 3, 4க்குப் போட்டா 3.5 + 1.5 = 5, சரியா வருது. 5, 12க்கும் வருது. அத நம்பி பரீட்சைல எழுதிறாதீங்க, 8, 15க்கு 17 வரணும், 17.125 வருது, 20, 21க்கு 29 வரணும், 28.375தான் வருது. ஒத்தக்கடை பக்கம் ஒரு வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட கொத்தனார் நூல் பிடிச்சிட்டிருந்தப்ப பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன், மூலைலருந்து இந்தப் பக்கம் 3 அடி, அந்தப் பக்கம் 4 அடி குறிச்சு, குறுக்க டேப் பிடிச்சா 5 அடி இருக்கணும், கூடக் கொறைய இருந்தா முளைக்குச்சியப் பிடுங்கித் தள்ளி அடிக்கிறார். புக்குல இருக்குற தேற்றத்தோட மறுதலை அதுதான், அதாவது தேற்றத்தத் திருப்பிப் போட்டது: பக்கங்களோட வர்க்கம் பொருந்துனா அந்த மூலை செங்கோணம். அதே எடத்துல 40க்கு 40 மனைன்னா மூலைக்கு மூலை 56 அடி 7 இன்ச்சுக்கு ஒட்டி வரணும், அந்த எட்டுப் பங்கு கணக்கு 55 அடிங்குது, ஒன்றரை அடிக்கு மேல கொறையுது.