தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள்

இசைக் கல்லூரி மாணவர்களின் கச்சேரிக்குப் பெரும்பாலோர் ஒரு பிள்ளைக்காகத்தான் வருகிறார்கள். மகள் பாடுகிறாள், அண்ணன் மகன் வயலின் வாசிக்கிறான். அதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் முறை முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்களே, அதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. அடுத்து மேடையேறும் மாணவி, நாற்காலிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டேதான் சுருதி சேர்க்கிறாள்.

தாமதமாக வருவதும் அப்படியே. இன்றைய கர்நாடக இசைக் கச்சேரியின் வரிசை பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்துத் தந்தது என்பார்கள். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் பாடி, விரிவான உருப்படிக்குப் பிறகு துக்கடாக்கள் எனும் சிறு பாடல்களோடு மங்களத்தில் முடிகிற அந்த வரிசையை மாணவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்குகிறார்கள். வர்ணத்தை இரண்டு காலத்திலும், அதாவது இரண்டு வேகத்திலும், பிசகாமல் பாட மாதக்கணக்கில் சாதகம் செய்திருப்பார்கள். "வர்ணம்தானே, மெதுவாகப் போகலாம்" என்று நினைப்பவர்கள் அந்த உழைப்பைக் கேட்காமலே போகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பாட்டு நின்று மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போவது. ஒரு கல்லூரி அரங்கில் மிருதங்க மாணவன் ஒருவனை அருகிலிருந்து பார்த்தேன். ரவையைத் தண்ணீரில் பிசைந்து இடப்பக்கத் தோலில் ஒட்டினான். வலப்பக்க விளிம்பைச் சிறு கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தான். ஒரு மணி நேரம் பாட்டுக்கு அடங்கி வாசித்தான். அவனுக்கென்று ஒதுக்கிய பத்து நிமிடம் வந்தபோது பாதி அரங்கம் எழுந்துவிட்டது. அவன் தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் சற்று அவசரப்பட்டன.

தனியைக் கேட்கத் தெரியாது என்பதால் போகிறீர்கள் என்றால், ஒரே ஒரு வழி சொல்கிறேன்: பாடுகிறவரின் கையைப் பாருங்கள். ஆதி தாளமானால் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல்கள், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால் மிருதங்கம் எங்கே விலகிப் போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பது தானே புரியும். கடைசியில் வரும் கோர்வை என்ற முத்தாய்ப்புக் கணக்கைப் பெரும்பாலும் மூன்று முறை வாசிப்பார்கள். முதல் முறையிலேயே கைதட்டிவிட்டால் வாசிப்பவனின் கணக்கு கலையக்கூடும். பாடகி பல்லவியைத் திரும்ப எடுக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு மனதாரத் தட்டுங்கள்.

தாளம் போடுவது ரசிகரின் உரிமைதான். ஆனால் முன் வரிசையில் உட்கார்ந்து தொடையில் ஓங்கித் தட்டாதீர்கள். நீங்கள் அரை எண்ணிக்கை தவறினால்கூட, பதற்றத்தில் இருக்கும் பிள்ளையின் கண் உங்கள் கையில் வந்து நின்றுவிடும்.

கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பின்னால் இருப்பவருக்கு மேடை மறைகிறது. பதிவு வேண்டுமென்றால் கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள்.

கச்சேரி முடிந்ததும் "அந்த சங்கதி விழவில்லையே", "இந்த ராகத்தை இன்னார் பாடிக் கேட்க வேண்டும்" என்று தொடங்காதீர்கள். ஒரு வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் சங்கதிகளில் விழாதது எது என்று பாடியவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மறுநாள் வகுப்பில் ஆசிரியரும் சொல்வார். நன்றாக இருந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "வர்ணத்தின் இரண்டாம் காலம் கொஞ்சமும் தாளத்தை மீறி ஓடவில்லை" என்ற சொல்லை அந்தப் பிள்ளை பல நாள் வைத்துக்கொள்ளும்.

மேடைப் பக்கம் போனால் பாடியவரோடு நின்றுவிட வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்து மிருதங்கத்தின் ரவையைச் சுரண்டிக்கொண்டிருப்பவனிடமும், ஒன்றரை மணி நேரம் விரல் ஓயாமல் தம்புரா மீட்டிய முதலாண்டு மாணவியிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.