தினசரி ஜெப வாழ்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வருஷம் பிறந்ததும் பல விசுவாசிகள் பெரிய தீர்மானம் எடுக்கிறார்கள்: தினமும் ஒரு மணி நேரம் ஜெபம், ஒரே வருஷத்தில் முழு வேதாகமம். ஆசை நல்லதுதான். ஆனால் 66 புத்தகங்களிலும் சேர்த்து 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம் படித்தால்தான் வருஷத்துக்குள் முடியும். தொடர்ந்து படித்துப் பழகாதவர் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்துக்கு வரும்போதே திணறிவிடுகிறார். பத்து நாள் விட்டுப்போனால் முப்பதுக்கும் மேல் அதிகாரங்கள் பாக்கி. அதை ஈடுகட்ட வேகவேகமாகக் கண்ணை ஓட்டுகிறார், இல்லாவிட்டால் குற்ற உணர்வோடு வேதத்தையே மூடி வைத்துவிடுகிறார். இரண்டும் வேண்டாம். விட்டுப்போனது போகட்டும், இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளலாம். 16 அதிகாரங்கள்தான், நாளுக்கு ஒன்று போதும்.

இதற்கு நேரெதிரான பழக்கம், காலையில் போனில் வரும் ஒற்றை வசனத்தோடு நிறுத்திக்கொள்வது. எரேமியா 29:11 எல்லோருக்கும் பிடித்த வசனம். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்கிறார். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனமே 70 வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றும் கடிதம் சொல்கிறது. இந்த வாரமே வேலை கிடைத்துவிடும் என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டவர், கிடைக்காதபோது தேவன் கைவிட்டுவிட்டார் என்று நினைத்துவிடுகிறார். வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வரி படித்திருந்தால், காத்திருக்கிறவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குத்தத்தம் அது என்று தெரிந்து இன்னும் ஆழமான ஆறுதல் கிடைத்திருக்கும்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது, செய்ய வேண்டிய காரியத்திலிருந்து தப்பிக்க ஜெபத்துக்குள் ஒளிந்துகொள்வது. கூடப் பிறந்தவனோடு பேச்சு நின்று பல மாதம் ஆகியிருக்கும். "அவனுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்போம், ஆனால் ஒரு போன் செய்ய மாட்டோம். இயேசு மத்தேயு 5:23-24-ல் சொல்லும் வரிசையே வேறு. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகி, அப்புறம் வந்து செலுத்து என்கிறார். ஆராதனையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்லும் அளவுக்கு அது அவருக்கு முக்கியம். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது தேவனுக்கான காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கடுமையாகவே கண்டிக்கிறார். பேதுரு இன்னும் நேரடியாகப் பேசுகிறார். மனைவிக்குக் கொடுக்க வேண்டிய கனத்தைக் கணவன் கொடுக்காவிட்டால் ஜெபங்களுக்கே தடை வரும் என்கிறது 1 பேதுரு 3:7. வீட்டில் எரிந்து விழுந்துவிட்டுத் தனியறையில் போய் முழங்கால்படியிடுகிறவர் இந்த வசனத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அதனால் ஜெபிக்கும்போது ஒருவர் பெயர் மனதில் உறுத்தினால், அதைக் கவனச்சிதறல் என்று ஒதுக்காதீர்கள். எழுந்துபோய் அவரிடம் பேசுங்கள்.

உடம்பை மறப்பதும் பக்தியில் சேராது. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரத்தில் ஜெபித்தார் என்ற மாற்கு 1:35-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே மாற்கு 4:38-ல் அவர் புயலுக்கு நடுவே படகில் தலையணை வைத்துத் தூங்கியதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் அனுப்பியது பிரசங்கம் அல்ல, தூக்கமும் சுட்ட அடையும் தண்ணீரும்தான். அதுவும் இரண்டு தடவை. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரும், கைக்குழந்தையோடு தூக்கம் கெடுகிற தாயும் அதிகாலை ஜெபம் முடியவில்லையே என்று தங்களைக் குற்றவாளியாக நினைக்க வேண்டியதில்லை. தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார். 1691-ல் இறந்த சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி பாரிஸ் மடத்துச் சமையலறையில் பல வருஷம் உழைத்தவர். வேலை நேரமும் ஜெப நேரமும் தனக்கு வேறு வேறு அல்ல என்றார். உங்கள் நாளில் எந்த நேரம் உண்மையாகவே உங்கள் கையில் இருக்கிறதோ, அதைக் கொடுங்கள்.

சரி, ஜெபத்தில் என்ன பேசுவது? விண்ணப்பப் பட்டியலை வாசித்து முடிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சங்கீதங்களில் நன்றி இருக்கிறது, பாவ அறிக்கை இருக்கிறது, புலம்பலும் நிறைய இருக்கிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகவே வேதம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கோபத்தையும் சோர்வையும் மறைத்து, நல்ல வார்த்தைகளாகப் பார்த்துத் தேடி ஜெபிக்க வேண்டிய அவசியம் இல்லை.

உபவாசத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எத்தனை நாள் இருந்தேன் என்று வெளியே சொல்வது மத்தேயு 6:16-18-க்கு நேர் விரோதம். தலைக்கு எண்ணெய் பூசி, முகம் கழுவி, யாருக்கும் தெரியாமல் இரு என்பதே அங்கே கட்டளை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடவே கூடாது. அவர்கள் அந்த நாளில் போனையோ டிவியையோ ஒதுக்கிவைக்கலாம். சாப்பாட்டை விட முடிகிறவர்கள் ஏசாயா 58:7-ஐயும் சேர்த்துச் செய்யுங்கள். பசியாய் இருக்கிறவனோடு ஆகாரத்தைப் பகிர்வதே கர்த்தர் விரும்பும் உபவாசம் என்று அங்கே இருக்கிறது. நீங்கள் சாப்பிடாத அந்த வேளைச் சாப்பாடு அன்றைக்கே இன்னொருவருக்குப் போய்ச் சேரட்டும்.