ஆமை நகராததற்குக் கோப்பின் பெயரே காரணம்

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு நிரலாக்கம் கற்பிக்க, மாதச் சந்தா கேட்கும் செயலிகளை விட்டுவிட்டு, இலவசமான பைத்தான் நிரல்மொழியையும், திரையில் ஓர் ஆமையை நகர்த்திக் கோடு வரைய உதவும், அதனுடனேயே வரும் டர்ட்டில் தொகுப்பையும் தேர்ந்தெடுத்தேன். கணினி ஆய்வாளர் சீமோர் பேப்பர்ட் முதலியோர் 1967இல் உருவாக்கிய லோகோ மொழியின் ஆமைதான் இதிலும் கோடு வரைகிறது.

பைத்தானுடன் வரும், தட்டிய வரியை உடனே இயக்கிக் காட்டும் ஐடில் ஷெல் சாளரத்தில் ஒவ்வொரு வரியாகத் தட்டியபோது ஆமை ஒழுங்காக நகர்ந்தது; அதே வரிகளைக் கோப்பில் சேமித்து இயக்கினால், ‘ஃபார்வர்ட்’ (ஆமையை முன்னே நகர்த்தும் கட்டளை) என்ற பண்பே டர்ட்டிலில் இல்லை என்ற பிழை வந்தது. பைத்தானை நீக்கி மறுபடி நிறுவினேன். பைத்தான் தொகுப்புகளை இணையத்திலிருந்து நிறுவும் பிப் கருவி மூலம் ‘டர்ட்டில்’ நிறுவவும் முயன்றேன்; அந்தப் பெயரில் அங்கே இருப்பது இதற்குத் தொடர்பில்லாத வேறொரு தொகுப்பு. மூன்று நாள்கள் இப்படியே வீணாயின.

பிழைச்செய்தியில் இருந்த கோப்புப் பாதையை நிதானமாகப் படித்த பிறகே விளங்கியது: மகள் தன் கோப்புக்கு ‘டர்ட்டில்.பை’ என்று பெயரிட்டிருந்தாள். பைத்தான் முதலில் நிரல் இருக்கும் கோப்புறையிலேயே தேடுவதால், உண்மையான தொகுப்புக்குப் பதிலாக அவளுடைய கோப்பையே எடுத்துக்கொண்டது. வேறு பெயரில் எழுதிய புதிய நிரலும் அதே கோப்புறையில் இருந்ததால் இயங்கவில்லை. என்னை அதிகம் குழப்பியது இதுதான். பழைய கோப்பின் பெயரை ‘சதுரம்.பை’ என்று மாற்றியதும் இரண்டு நிரல்களும் ஓடின. நிம்மதியாக இருந்தது.