தோளில் அடிபட்டால் ஊருக்கு ஓடுவதற்கு முன்: கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய வாடகைப் பகுதி) பிடிப்பது, ரெசிடன்ஸ் விசா, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். கீழே விழுந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. வெள்ளவத்தையில் எங்கள் தெருவில் இருக்கும் திருப்பூர் அண்ணன் ஒருவர், கார்மென்ட் வேலை, வயது ஐம்பதைத் தாண்டியவர், தோளில் அடிபட்டுப் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தேன். இன்னொருவர் அப்படிப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவசர விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். விழுந்ததும் தோளின் உருண்டை மறைந்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றாலோ, கை மரத்துப்போனாலோ, விரல்கள் சில்லிட்டு வெளுத்தாலோ டாக்டர் நம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். 1990-க்கு அடியுங்கள். சுவ செரிய ஆம்புலன்ஸ் வரும், காசு கிடையாது. 2016-இல் இந்திய அரசின் உதவியோடு தொடங்கிய சேவை அது. தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு இரவு பகல் எந்நேரமும் இயங்கும். தனியார் ஆஸ்பத்திரி என்றால் நேராக இ.டி.யு. (அவசர சிகிச்சைப் பிரிவு) எங்கே என்று கேளுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது "ஒரு இழு இழுத்தால் சரியாகிவிடும்" என்று கிளம்புவார்கள். விடாதீர்கள். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு இழுப்பில் நரம்புக்கும் சேதம் வரலாம். எண்ணெய் போட்டு உருவுவது, புத்தூர் கட்டு எல்லாம் எக்ஸ்ரே பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அவசரம் இல்லை என்றால் சானல் பண்ண வேண்டும், அதாவது நிபுணரைப் பார்க்க முன்பதிவு செய்ய வேண்டும். அரசு வைத்தியசாலையில் பகலெல்லாம் வேலை பார்க்கும் எலும்பு நிபுணர்கள் மாலையில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு வருவார்கள். ஆப்பிலோ போனிலோ நம்பர் எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். ரசீதில் டாக்டர் கட்டணம் தனி, ஆஸ்பத்திரிக் கட்டணம் தனி. பௌர்ணமி விடுமுறையில் பலர் வரமாட்டார்கள். உள்ளே போனால் கிடைப்பது சில நிமிடங்கள்தான், ஆகவே எப்படி விழுந்தீர்கள், எந்த அசைவு முடியவில்லை, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். படங்களும் ரிப்போர்ட்டும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். அடுத்த டாக்டரிடம் அவை தானாகப் போய்ச் சேராது.

இனி ஆபரேஷன் தேவையா என்ற கேள்வி. எக்ஸ்ரே நார்மல் என்று வந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் தெரியாது. நாற்பது வயதைத் தாண்டியவர் விழுந்த பிறகு கையைத் தானாகத் தூக்க முடியவில்லை, அடுத்தவர் தூக்கினால் மட்டும் போகிறது என்றால் நாண் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. கேளுங்கள். விழுந்ததில் புதிதாக முழுசாகக் கிழிந்த நாண் என்றால் தள்ளிப்போடக் கூடாது. நாள் போகப்போக நாண் உள்ளே சுருங்கி, தசையும் மெலிந்துவிடும், தைப்பது கடினமாகும். வயதில் தேய்ந்து நைந்த கிழிசல் என்றால் கதை வேறு. அதற்கு முதலில் மூன்று மாதமாவது ஒழுங்காக பிசியோ செய்து பார்ப்பதுதான் வழக்கம், பலருக்கு அதுவே போதும். அடுத்தவர் தூக்கினாலும் கை போகவில்லை, வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லை என்றால் தோள் இறுகியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே தீரும், ஆனால் பொறுமை வேண்டும், ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், அதையும் கவனியுங்கள்.

எங்கள் அண்ணனுக்கு வந்தது முதல் வகை. மழை பெய்த ஒரு இரவு மாடிப்படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். எம்.ஆர்.ஐ.யில் நாண் கிழிந்தது தெளிவாகத் தெரிந்தது. இங்கேயே ஒரு நிபுணர் பார்த்து, தைத்துவிடலாம் என்று தேதியும் சொன்னார். நம் ஆட்களுக்கு வரும் அதே எண்ணம் அவருக்கும் வந்தது. நம் ஊர், நம் டாக்டர், மொழி தெரியும், சென்னைக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அண்ணியும் "இங்கே வந்துடுங்க" என்று ஒரே அழுகை. போனார். ஆபரேஷனும் நன்றாகவே நடந்தது. லீவு முடிந்துவிட்டது என்று தையல் பிரித்த கையோடு கொழும்புக்குத் திரும்பினார்.

சிக்கல் இங்கேதான். அவர் கையில் இருந்த டிஸ்சார்ஜ் தாளில் மூன்று வரி. நாண் தைக்கப்பட்டது, மாத்திரை, பிசியோ செய்யவும். இங்கே பிசியோதெரபிஸ்ட் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த நாண்? கிழிசல் எவ்வளவு பெரிது? எத்தனை ஆங்கர் (நாணை எலும்போடு பிடித்துவைக்கும் சிறு ஆணி) போட்டார்கள்? பைசெப்ஸ் நாணில் கை வைத்தார்களா? வெளிப்பக்கம் எத்தனை டிகிரி வரை திருப்பலாம்? எந்த வாரத்திலிருந்து கையைத் தானாகத் தூக்கவிடலாம்? ஒன்றுக்கும் பதில் இல்லை. சீக்கிரம் அசைத்தால் தைத்தது பிய்ந்துவிடும், அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். விவரம் இல்லாமல் தொடமாட்டேன் என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஊர் ஆஸ்பத்திரிக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் "திங்கட்கிழமை ரிவ்யூவுக்கு வாங்க" என்று பதில். இங்கே சானல் பண்ணிப் பார்த்த டாக்டரோ, செய்தவரிடம் கேளுங்கள் என்றார். இப்படியே வாரங்கள் ஓடின, ஸ்லிங் மட்டும் கழுத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. தோள் நன்றாக இறுகிப்போனது. தலை வாரவும் முதுகு தேய்க்கவும் முடியாமல் அந்த மனிதர் பட்ட அவதி எனக்குத்தான் தெரியும். கம்பெனி இன்சூரன்ஸ் இலங்கைக்குள் செய்யும் சிகிச்சைக்குத்தான் என்பதால் பணமும் முழுக்கக் கைப்பணம். நல்ல ஆபரேஷனை ஒரு தாள் இல்லாமல் வீணாக்கப் பார்த்தார்களே என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே நான் அடித்துச் சொல்வது இதுதான்: பிசியோவை எங்கே செய்யப்போகிறீர்களோ, ஆபரேஷனும் அங்கேயே நடக்கட்டும். கத்தி வைப்பது ஒரு நாள் வேலை. அதற்கு அப்புறம் ஸ்லிங் நான்கு முதல் ஆறு வாரம், பளு தூக்கிப் பழகுவது ஏறக்குறைய மூன்றாம் மாதத்துக்குப் பிறகு, கை பழையபடி ஆக ஆறு மாதமோ அதற்கு மேலுமோ. தனியாக அனெக்ஸில் இருக்கிறேன், குளிக்கவைக்கக்கூட ஆள் இல்லை என்றால் ஊருக்குப் போவது நியாயம்தான். ஆனால் ஸ்லிங் கழன்று பிசியோ சூடுபிடிக்கும் வரை அங்கேயே இருக்கும்படி லீவு வாங்கிக்கொண்டு போங்கள். திரும்பும்போது ஆபரேஷன் நோட், ஆபரேஷனின்போது தோளுக்குள் எடுத்த படங்கள், ஆங்கர் விவரம், எந்த வாரத்தில் எந்த அசைவு என்று எழுதிய பிசியோ அட்டவணை, இவை நான்கும் இல்லாமல் ஆஸ்பத்திரிப் படி இறங்காதீர்கள். டாக்டர் பதில் தரும் மெயில் முகவரியையும் கேட்டு வாங்குங்கள். ஊர் டாக்டரிடம் இதையெல்லாம் கேட்க நமக்குக் கூச்சம், தப்பாக நினைப்பாரோ என்று. உங்கள் தோள், உங்கள் காசு, தைரியமாகக் கேளுங்கள். கொழும்பில் செய்துகொண்டாலும் இதே தாள்கள் வேண்டும். வெளிநோயாளியாகப் போகும் பிசியோவுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று எச்.ஆரிடம் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அண்ணனின் தோள் திரும்பியது அந்தப் பிசியோ பெண்ணால்தான். ஒரு வழியாக ஆபரேஷன் நோட் வந்து சேர்ந்ததும் வேலையை ஆரம்பித்தார். "ஹெமின், ஹெமின்" (சிங்களத்தில் மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிக்கொண்டே, கம்பைப் பிடித்து வெளிப்பக்கம் தள்ளவைப்பார். வீட்டில் சுவரில் விரல்களால் ஏறி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு போடச் சொன்னார். வாரம் தவறாமல் கோடு மேலே ஏறியது. கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி அந்த மாதங்களில் ஒரு கையால் சாப்பிடத் தோதாகப் புட்டைக் குழைத்தே அனுப்புவார். அந்த அன்பை மறக்கவே முடியாது.

ஸ்லிங் போட்டிருக்கும் நாட்களில் முழங்கை, மணிக்கட்டு, விரல்களை அடிக்கடி அசையுங்கள், அவையும் இறுகும். தலையணை அடுக்கிச் சாய்ந்து தூங்குங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுங்கள், அடிபட்ட கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுங்கள். சாரம் (லுங்கி) கட்ட இரண்டு கை வேண்டும், இலாஸ்டிக் பேன்ட் வாங்கிவிடுங்கள். 100, 101 பஸ்ஸில் மட்டும் ஏறவே ஏறாதீர்கள். காலி வீதியில் டிரைவர் பிரேக் போடும்போது கை தன்னால் மேல்கம்பிக்குப் போகும், தைத்த நாண் அதைத் தாங்காது. பிசியோ அனுமதிக்கும் வரை த்ரீவீலரில் போங்கள், அடிபட்ட தோள் கம்பி ஓரமாக வராதபடி உட்காருங்கள்.