பனிக்காலத்துக்கு முன் தகரக் கூரை: நீலகிரி வீடுகளுக்கான வழிமுறை

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் கூரை வேலைக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. தென்மேற்குப் பருவமழை செப்டம்பரில் தணிகிறது; அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது; அது முழுவதும் ஓயும் முன்பே தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி விழ ஆரம்பிக்கிறது. ஆகவே இரண்டு மழைகளுக்கும் இடையே வெயில் தெரியும் சில நாட்களைக் கூரைக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறுவதற்கு முன் உள்ளிருந்து பார்க்க வேண்டும். நண்பகலில் சன்னல்களை மூடி, விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் ஊசித் துளைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அதைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம். துளை தெரியாமலே ஒழுகும் இடங்களுக்கு, ஒருவர் கூரையின் தாழ்ந்த ஓரமான இறவாணத்து விளிம்பில் தொடங்கி முகட்டை நோக்கிச் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக, இன்னொருவர் உள்ளே நின்று கவனிக்க வேண்டும். முதலிலேயே முகட்டில் ஊற்றினால் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் நனைந்து, ஒழுக்கின் மூலம் பிடிபடாமல் போய்விடும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் துளை இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சில அடி கீழே இறங்கிய பிறகே சொட்டுவது உண்டு.

காலைப் பனி காய்ந்து, பத்து மணி கடந்த பிறகே ஏறுங்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, அடியில் சட்டம் ஓடும் போல்ட் வரிசையின்மீது மட்டுமே கால் வையுங்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் போட்ட வீடாக இருந்தால் நேரடியாக மிதிக்கவே கூடாது; குறுக்கே பலகை போட்டுத்தான் நகர வேண்டும். அந்த ஷீட்டில் படிந்த பாசியை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் துளையிடுவதும் நுரையீரலுக்குத் தீங்கான தூசியைக் கிளப்பும்.

தகரம் துருப்பிடித்து ஓட்டையாவதைவிட வாஷர் கெட்டு ஒழுகுவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். போல்ட் தலைக்குக் கீழுள்ள கறுப்பு வாஷரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் உள்வாங்கி மீண்டுவிடும். கெட்டுப்போனது கரித்தூள்போல உதிர்ந்து நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஒன்று உதிர்ந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் அவை எல்லாம் ஒரே நாளில் போட்டவை. போல்ட் தகரத்தின் மேட்டில் இருக்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இருக்கக் கூடாது. வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கவும் வேண்டாம். மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மீது குறைந்தது 15 செ.மீ. ஏறியிருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். பெருமழையில் ஒழுகாத இணைப்புகூட, உறைபனி உருகி மெதுவாகக் கசியும் நீரைத் தகரங்களுக்கு இடையில் உறிஞ்சி உள்ளே விட்டுவிடும்.

புகைபோக்கியின் அடிப்பகுதியில் சிமென்ட் பூசுவது இங்கே பரவலான வழக்கம். எங்கள் வீட்டிலும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பூசினோம். இரண்டு முறையும் தை பிறப்பதற்குள் மயிரிழை போன்ற விரிசல் விழுந்து, அடுப்படிச் சுவர் நனைந்தது. பனிக்காலத்தில் இரவில் தகரம் உறைநிலைக்கும் கீழே குளிர்கிறது, பகல் வெயிலில் நன்றாகச் சுடுகிறது. 40 டிகிரி வேறுபாட்டில் 10 அடித் தகரம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளும், பிறகு சுருங்கும். சிமென்ட் அப்படி இழுபடாது. அந்த இடத்துக்கு வளைத்த தகட்டை மேல் தகரத்தின் அடியில் செருகி, விளிம்பைத் தார் டேப்பால் ஒட்டுவதே நிற்கிறது.

அடுத்தது தண்ணீர் வடியும் பாதை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர் நீர் இறங்குகிறது. யூகலிப்டஸ் எனும் கற்பூர மரத்தின் இலையும் பட்டையும், கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் கட்டரை அடைத்துவிட்டால் அவ்வளவும் சுவரோரத்தில் விழுந்து, சரிவைத் தாங்கும் தடுப்புச்சுவரின் பின்புற மண்ணில் ஊறும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பகுதிகளில் மண் சரிந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை அலட்சியமாக விடமாட்டார்கள். கட்டரை அள்ளிச் சுத்தம் செய்து, இறங்கு குழாயின் வாயில் கம்பிவலை வைத்து, நீரை வடிகால்வரை குழாயிலேயே கொண்டுபோய் விடுங்கள். கூரைமீது சாய்ந்த மரத்தை வெட்ட வேண்டுமானால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. அதனால் மழைக்கு வெகுமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் மார்கழியில், மழையே இல்லாத தெளிந்த இரவில், படுக்கைமீது சொட்டும். அது ஒழுக்கு அல்ல, தகரம் வேர்ப்பது. நம் மூச்சிலும் சமையலிலும் எழும் ஈரம் குளிர்ந்த தகரத்தின் அடிப்புறத்தில் நீராகப் படிகிறது. ஒழுக்கு ஓரிடத்தில் பழுப்புக் கறையை விடும். வேர்வை தகரம் முழுவதும் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். இதற்கு மேலே என்ன பூசினாலும் பயனில்லை. தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டுப் பலகை அல்லது பிளைவுட்டால் உள்கூரை அமைத்து, அந்த இடைவெளியில் இருபக்க முகட்டுச் சுவர்களிலும் காற்று வழி வைக்க வேண்டும்.

குளிருக்குப் பயந்து எல்லா இடுக்குகளையும் துணியால் அடைப்பவர்கள் உண்டு. அதனால் வேர்வை அதிகமாகும் என்பது சிறிய கேடு. அப்படி அடைத்த அறையில் கரி அடுப்பு மூட்டினால் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, தூங்குபவர்களின் உயிரையே எடுத்துவிடும். மலையில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. குளிர்கிறதே என்றால் இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுவராதீர்கள். காற்று வழிகளில் எலி நுழையாதபடி அரை அங்குலக் கம்பிவலை அடித்து, அவற்றைக் குளிர்காலம் முழுவதும் திறந்தே வையுங்கள்.